மவுஸை மாற்றுவதற்கு முன் கிளிக்கைப் பிரித்தெடுங்கள்

கேள்வி இதுதான். தம்பிக்கு 26 வயது. விபத்தில் கழுத்துத் தண்டுவடம் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) மட்டத்தில் அடிபட்டிருக்கிறது. தோள் அசைகிறது, முழங்கையை மடக்க முடிகிறது, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்த முடிகிறது. விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மவுஸை இடுக்கி நகர்த்துகிறார். கர்சர் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. கிளிக் செய்யப் போனால் விலகிவிடுகிறது. எந்த மவுஸ் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்: கர்சர் சரியாகத்தான் போகிறது, அழுத்தும்போதுதான் விலகுகிறது. அப்படியானால் மாற்றவேண்டியது மவுஸை அல்ல, கிளிக்கை.

மவுஸ் நம்மிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறது: நகர்த்து, அசையாமல் பிடி, அழுத்து. விரல்கள் நன்றாக இருப்பவர்களுக்கு இது மூன்று வேலை என்றே தெரியாது. உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், ஆள்காட்டி விரல் மட்டும் கீழே இறங்கும். விரல் அசையாதபோது முழு முன்னங்கையும் சேர்ந்துதான் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்துகிற அதே விசை மவுஸையும் தள்ளிவிடும். உங்கள் தம்பி சரியாகப் பழகவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது பழக்கத்தின் குறை அல்ல, அந்தப் பெட்டியின் அமைப்பு அப்படி. 1964-இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, மேலே ஒரே ஒரு பட்டன். இன்றைக்கும் நகர்த்துவதும் அழுத்துவதும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு மவுஸ்களைச் செருகலாம். இரண்டும் ஒரே கர்சரைத்தான் ஆட்டும். வீட்டில் கிடக்கும் பழைய மவுஸ் ஒன்றை எடுத்து, அடியில் இருக்கும் சென்சார் துளையைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். இனி அது கர்சரை நகர்த்தாது, கிளிக் மட்டும் செய்யும். தம்பி வழக்கம்போல தன் மவுஸை நகர்த்தட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் 'ம்' என்றதும் டேப் ஒட்டிய மவுஸை அழுத்துங்கள். இருபது தடவை வெவ்வேறு ஐகான்களில் முயன்று பாருங்கள். அதில் பெரும்பாலானவை சரியாக விழுந்தால் நகர்த்துவதற்கு இப்போதைய மவுஸே போதும், கிளிக்குக்கு மட்டும் வேறு வழி வேண்டும் என்று தெரிந்துவிடும். நிறையத் தவறினால் இரண்டையுமே மாற்ற வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் களைத்திருக்கும்போது ஒரு தடவை செய்யுங்கள். காலையில் ஜோராக வேலை செய்து மாலையில் கைவிடும் ஏற்பாடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு முன் அவர் உட்காரும் விதத்தையும் பாருங்கள். மேசை உயரமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வார், அரை மணி நேரத்தில் ஓய்ந்துபோவார். முழங்கையும் முன்னங்கையும் முழுதாக எதன்மேலாவது சாய்ந்திருக்க வேண்டும். சி6 காயத்தில் முழங்கையை நீட்டும் தசைக்குப் பொதுவாக வலு இருக்காது. அதனால் கை எட்டி நீளவேண்டிய தூரத்தில் எதையும் வைக்காதீர்கள். மேசையில் உடம்புக்காக வளைவு வெட்டி, இரண்டு பக்கமும் கை சாய இடம் விட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அமைப்புகள். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதி ஒன்று உண்டு. ஒரு இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம், இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற இரண்டைப் பொறுத்தது. தூரம் கூடினால் நேரம் கூடும், அகலம் கூடினால் குறையும். எனவே கருவியைத் தொடாமலே திரையில் எழுத்தையும் ஐகான்களையும் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கிளிக் தவறுவது குறையும். விண்டோஸில் 'ஸ்னாப் டு' என்றொரு வசதி இருக்கிறது. ஒரு பெட்டி திறந்ததும் கர்சர் தானாகவே 'சரி' பட்டனுக்குத் தாவிவிடும், தூரம் பூஜ்யம். சிலருக்கு இந்தத் தாவல் பிடிக்காது. போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற பெயரில் இருப்பதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். பெயர்தான் துல்லியம். உண்மையில் அது கையின் வேகத்தைப் பார்த்து கர்சரின் தாவலைக் கூட்டிக் குறைக்கும். கை சீராக இயங்குபவருக்கு அது உதவி. தசை திடீரென்று வெட்டி இழுப்பவருக்குக் கர்சர் திரையின் மூலைக்குப் பறந்துவிடும். அணைத்துவிட்டு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பிறகு ட்ராக்பாலுக்கு (பெட்டி நகராமல், அதில் உள்ள பந்தை உருட்டிக் கர்சரை நகர்த்தும் கருவி) மாறினால் இதை மறுபடி போட்டுப் பாருங்கள், அங்கே கதை வேறு: வேகமாக உருட்டினால் தொலைவுக்கும் மெல்ல உருட்டினால் நுணுக்கமாகவும் போவது சில கைகளுக்குச் சௌகரியமாக இருக்கும்.

இப்போது ட்ராக்பால். அதை மவுஸுக்குப் பின் வந்த தம்பி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அண்ணன். 1952-இல் கனடா கடற்படைக்காக டாட்டார் என்ற அமைப்பைச் செய்தவர்கள் சிறிய பௌலிங் பந்து ஒன்றை உருட்டித் திரையில் குறியை நகர்த்தினார்கள். உங்கள் தம்பிக்கு அது பொருந்துவதற்குக் காரணம், பெட்டி நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது. கையை எடுத்தாலும் கர்சர் அங்கேயே இருக்கும். 'அசையாமல் பிடி' என்ற வேலையே ஒழிந்தது. நகர்த்திவிட்டுக் கையைத் தூக்கி ஓய்வெடுத்து, பிறகு நிதானமாக அழுத்தலாம்.

ஆனால் எல்லா ட்ராக்பாலும் அவருக்கு ஆகாது. லாஜிடெக் எர்கோ எம்575 போன்றவற்றில் பந்து 34 மில்லிமீட்டர். பக்கவாட்டில், கட்டைவிரலால் உருட்டுவதற்காக இருக்கும். கட்டைவிரல் அசையாதவருக்கு அது காட்சிப் பொருள். பந்து நடுவில், மேலே தெரியும்படி, பெரிதாக இருக்க வேண்டும். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் என்ற மாடலில் பந்து 55 மில்லிமீட்டர், அதைச் சுற்றி நாலு பட்டன்கள். உள்ளங்கையின் ஓரத்தாலோ, மடங்கிய விரல்களின் முட்டியாலோ, இரண்டு கைகளாலுமோ உருட்டலாம். தேவைப்பட்டால் பெட்டியையே திருப்பி வைக்கலாம். அப்போது மேலும் கீழும், இடமும் வலமும் தலைகீழாகும், அதனால் மென்பொருளில் அச்சைத் திருப்பும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு கட்டாயம். பெட்டியைச் சாய்த்துப் பொருத்தும் எண்ணம் இருந்தால் கவனம்: பெரும்பாலானவற்றில் பந்து குழியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, சரித்தால் உருண்டு விழுந்துவிடும்.

இன்னொன்று: பந்தைத் தூக்கிப் பார்த்தால் குழிக்குள் மிளகை விடச் சிறிய மூன்று தாங்கிகள் தெரியும். கையின் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து அவற்றின் மேல் சாம்பல் நிறப் படலமாகப் படியும். கர்சர் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் அடம்பிடித்தால் கருவி பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த மூன்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். தம்பியால் பந்தை எடுத்துத் துடைக்க முடியாது என்பதால் வீட்டில் யாராவது ஒருவர் இதை வாரம் ஒரு தடவை செய்யும் வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கிளிக்குக்கு வருகிறேன். எளிமையான வழியிலிருந்தே தொடங்கலாம்.

விண்டோஸில் 'மவுஸ் கீஸ்' என்று ஒன்று உண்டு. மேக்கிலும் லினக்ஸிலும் இருக்கிறது. விசைப்பலகையின் வலது பக்க எண்களைக் கொண்டே கர்சரை நகர்த்துவதற்கான வசதி. விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். எண்களை அழுத்தி அழுத்திக் கர்சரை ஊர வைப்பது பொறுமையைச் சோதிக்கும், அதை நான் சிபாரிசு செய்யவில்லை. எனக்குப் பிடித்தது அதன் கிளிக் பகுதிதான்: 5 அழுத்தினால் கிளிக், கூட்டல் குறி அழுத்தினால் டபுள் கிளிக், 0 அழுத்தினால் பட்டனைப் பிடித்துக்கொள்ளும், புள்ளி அழுத்தினால் விட்டுவிடும். கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 என்றால் வலது கிளிக்; சாய்கோட்டை அழுத்தினால் மறுபடி இடது. எண்கள் மட்டும் உள்ள தனி யூ.எஸ்.பி. பலகை ஒன்றை இடது கைப் பக்கம் வைத்து, உள்ளங்கையில் கட்டும் பட்டையில் ரப்பர் முனை கீழே பார்க்கும்படி ஒரு பென்சிலைச் செருகிவிட்டால், வலது கை பந்தை உருட்ட, இடது கைப் பென்சில் 5-ஐத் தட்டும். சாலிடரிங் கிடையாது, புதுக் கருவி கிடையாது. ஏற்கெனவே இப்படிப் பட்டையில் பென்சில் செருகித் தட்டச்சு செய்கிறவராக இருந்தால் ஒரே நாளில் பழகிவிடுவார்.

அது ஒத்துவரவில்லை என்றால் வெளி ஸ்விட்ச். மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்விட்சுகள் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக்கில்தான் முடியும். பழைய இயர்போனில் இருக்கும் அதே அளவு முனை. ஜெல்லி பீன் என்ற ஸ்விட்சின் தலை சுமார் 6.4 சென்டிமீட்டர் அகலம், பிக் ரெட் அதைப்போல இரண்டு மடங்கு. மாற்றுத்திறனாளிகள் வீடியோ கேம் ஆடுவதற்காக 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்பக்கம் இதே 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19 இருக்கின்றன. ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட ஒரு அளவு என்பதால் இன்று வாங்கும் ஸ்விட்ச் நாளை வேறு கருவியிலும் உதவும்.

அந்த ஸ்விட்சை மவுஸோடு இணைக்க ஆயத்தப் பெட்டிகள் விற்கின்றன. கையில் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் நீங்களே செய்துவிடலாம். வயர் வைத்த சாதாரண யூ.எஸ்.பி. மவுஸ் ஒன்றை எடுங்கள். கணினியிலிருந்து கழற்றிவிட்டுத் திருப்பினால் வழுக்குவதற்காக ஒட்டிய மெல்லிய பட்டைகள் தெரியும். அவற்றை நெம்பினால் அடியில் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்ததும் இடது பட்டனுக்குக் கீழே ஒரு சின்னச் செவ்வகம், அதன் நடுவில் கடுகளவு ஒரு குமிழ். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். பலகையின் மறுபக்கம் அதற்கு மூன்று கால்கள் இருக்கும். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, குமிழை அழுத்தும்போது மட்டும் எந்த இரண்டு கால்களுக்கு இடையில் பீப் கேட்கிறது என்று பாருங்கள். அழுத்தாதபோதே பீப் கேட்டால் அது தவறான ஜோடி. சரியான இரண்டிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, மவுஸின் பின்பக்கம் துளை போட்டுப் பொருத்திய மோனோ சாக்கெட்டில் பற்றவையுங்கள். மூடுவதற்கு முன் உள்ளே வயரில் ஒரு முடிச்சுப் போடுங்கள், வெளியே யாராவது இழுத்தால் முடிச்சுதான் தாங்க வேண்டும், பற்றவைத்த இடம் அல்ல. இனி எந்த ஸ்விட்சைச் செருகினாலும் அது இடது கிளிக். பழைய பட்டனும் வேலை செய்யும், ஏனென்றால் இரண்டும் இணையாகத்தான் இருக்கின்றன. சில கேமிங் மவுஸ்களில் உலோகத் தொடர்புக்குப் பதில் ஒளிக்கற்றையால் இயங்கும் ஸ்விட்ச் இருக்கும். அவற்றில் இந்த வித்தை பலிக்காது, மலிவான மவுஸே உத்தமம்.

பற்றவைப்பது சுலபம். ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதில்தான் தலைவலி. ஒருவருக்கு முதலில் முன்னங்கைக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தேன். பந்தை உருட்டும்போதெல்லாம் கை அதில் பட்டுத் தொலைத்தது. பிறகு தலைசாய்ப்பின் ஓரத்தில், கன்னத்துக்கு அருகே மாற்றினோம். நன்றாகத்தான் இருந்தது, அவர் தும்மும் வரை. பாதி எழுதிய கடிதம் மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் சக்கர நாற்காலியின் கைத்தாங்கிக்கு வெளிப்பக்கம், முழங்கைக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்திவைத்தோம். தோளை லேசாக விரித்தால் முழங்கை அதில் தட்டும். மவுஸ் வேலைக்குத் தேவைப்படாத அசைவு அது, ஆனால் அவரால் நிச்சயமாகச் செய்யக்கூடியது. தேட வேண்டியது அத்தகைய அசைவைத்தான். தம்பிக்கும் தோள் அசைவதால் அங்கிருந்தே தொடங்கிப் பாருங்கள். தசை இழுப்பு வரும்போது எந்தப் பக்கம் கை போகிறது என்று கவனித்து, அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இழுத்துப் போடும் வேலை தனிச் சங்கடம். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே நகர்த்த வேண்டும், பிரித்த இரண்டையும் மறுபடி ஒட்டவைப்பது போல. விண்டோஸில் 'கிளிக் லாக்' போட்டால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்ததும் கணினி தானே பிடித்துக்கொள்ளும், அடுத்த கிளிக்கில் விடும். மேலே சொன்ன 0 விசையும் அதையே செய்யும். கூடுமானவரை இழுப்பதையே தவிர்த்து, வெட்டி ஒட்டும் குறுக்கு விசைகளைப் பழக்குங்கள். இணையதளம் உருவாக்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி, தவிர்க்க முடியாத இடங்கள் தவிர, இழுத்துச் செய்யும் எதையும் ஒற்றைத் தொடுதலாலும் செய்ய வழி வேண்டும் என்கிறது. சில விலக்குகள் தவிர, தொடும் இலக்குகள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

பட்டனே இல்லாமல் கிளிக் செய்யும் வழியும் உண்டு. கர்சரை ஒரு இடத்தில் ஒரு விநாடி நிறுத்தினால் தானாகக் கிளிக் ஆகும். கேட்க அருமையாக இருக்கும். பழகும்வரை பஸ்மாசுரன் வரம் வாங்கிய கதைதான், கை வைத்த இடமெல்லாம் எரியும். படித்துக்கொண்டிருக்கும்போது கர்சர் ஒரு விளம்பரத்தின் மேல் நின்றிருந்தால் அதுவும் திறந்துகொள்ளும். நிறுத்தும் நேரத்தை முதலில் நீளமாக வைத்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். படிக்கும்போது கர்சரை ஒதுக்கி வைக்கத் திரையில் ஒரு காலி மூலையைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்விட்ச் ஒத்துவரும் ஒருவருக்கு இதை நான் இரண்டாவது தெரிவாகத்தான் சொல்வேன்.

தலையசைவாலும் கண்ணாலும் நடத்துவது பற்றி யாராவது உங்களிடம் ஆர்வமாகச் சொல்வார்கள். வெப்கேமரா முன் தலையை அசைத்தால் கர்சர் நகரும் கேமரா மவுஸ், ஈவியாகேம் போன்ற மென்பொருள்கள் இலவசம். கையே அசையாதவர்களுக்கு அவை பெரிய வரம். கண்ணசைவைப் பின்தொடரும் கருவியில் ஒரு டிகிரி பிசகினால் 60 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் திரையில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சிறிய பட்டன்கள் கைக்கு, அதாவது கண்ணுக்கு, எட்டாது. தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும் உங்கள் தம்பிக்கு இப்போது அது தேவையில்லை. குரலை மட்டும் கூடவே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் குரல் வசதியில் திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் 'மவுஸ் கிரிட்' இருக்கிறது. கட்ட எண்ணைச் சொன்னால் அது மறுபடி ஒன்பதாகும். 1920 பிக்சல் அகலத் திரையில் நாலு எண்களைச் சொல்வதற்குள் கட்டம் 24 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். கை ஓய்ந்த நேரத்துக்கு நல்ல துணை.

கை நடுக்கத்துக்காக இதைப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. உங்கள் சிக்கல் வேறு. பார்க்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். அந்த ஆட்டத்தை மட்டும் வடிகட்டி, வேண்டுமென்று செய்யும் மெதுவான நகர்வை விட்டுவிடும் ஸ்டெடிமவுஸ் போன்ற மென்பொருளை முதலில் முயலுங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம்.

தம்பிக்குத் திரும்புவோம், மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சி6 காயத்தில் கட்டைவிரல் பக்கம் உணர்ச்சி இருந்தாலும் சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்வு வருவது அதற்குக் கீழே உள்ள நரம்பிலிருந்து. அங்கே பெரும்பாலும் மரத்திருக்கும். ட்ராக்பாலில் கை சாய்வது சரியாக அந்தச் சுண்டுவிரல் ஓரம்தான். பிளாஸ்டிக் விளிம்பு மணிக்கணக்கில் அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். விளிம்பில் மெத்தை ஒட்டுங்கள். முதல் சில நாட்கள் அரை மணிக்கு ஒரு முறை கையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறையாமல் நின்றால் இடத்தை மாற்றுங்கள். முழங்கையில் ஸ்விட்ச் படும் இடத்துக்கும் இதே விதி.

வசதியாக இருக்கும் என்று விரல்களை விரித்துப் பலகை வைத்துக் கட்டிவிடவும் கூடாது. மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் தாமாகக் கொஞ்சம் மடங்குகின்றன அல்லவா? அந்த மடக்கத்தை வைத்துத்தான் அவர் டம்ளரையும் காகிதத்தையும் பிடிக்கிறார். விரல் தசைநார்களை இழுத்துத் தளர்த்திவிட்டால் அந்தப் பிடி போய்விடும். கையில் எதைக் கட்டுவதானாலும் அவருடைய செயல்முறை சிகிச்சையாளரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

எல்லாம் ஒத்துவந்ததும், ட்ராக்பாலைச் சுற்றியும் ஸ்விட்சின் அடியிலும் வண்ண டேப்பால் மேசையிலேயே எல்லை ஒட்டிவிடுங்கள். சாப்பிடத் தட்டு வைக்க யாராவது ஒரு சாண் தள்ளி வைத்திருப்பார்கள், மறுநாள் எதுவுமே வேலை செய்யவில்லை என்று தோன்றும். அவரால் அதைத் தானே இழுத்து வைக்க முடியாது. டேப் இருந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் பழைய இடத்தில் வைத்துவிடலாம்.